ஓரகத்திக்குக் கிடைத்த மூன்று நிமிடம்

என் கணவரின் அண்ணன் மனைவியும் நானும் நாலு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. மலையாள எல்லையோரம் வடகரப்பதிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் எங்கள் இரண்டு வீடும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவள் துணி காயப்போடும் கொடி என் சமையலறை ஜன்னலுக்கு நேராக இருக்கும். அவள் பக்கெட்டோடு வருவதைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்துவேன். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்க வேண்டும் என்றே சாத்துவேன்.

காரணம் என் மகளின் கல்யாணம். பொள்ளாச்சியில் ஒரு மாப்பிள்ளை அமைந்து, பூ வைத்து, மண்டபம் வரை பேசி முடித்தாகிவிட்டது. ஒரு காலையில் மாப்பிள்ளையின் அம்மா ஃபோன் பண்ணி, "எங்களுக்குச் சரியா வராதுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். தரகரைப் பிடித்து உலுக்கியதில் விஷயம் வெளியே வந்தது. பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு இருக்கிறது என்று யாரோ அவர்களுக்கு ஃபோனில் சொல்லியிருக்கிறார்கள். பெண்ணின் பெரியம்மா பேசுகிறேன் என்று சொல்லியே பேசியிருக்கிறாள்.

அன்றைக்கே அவள் வாசலில் போய் நின்று கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கையில் அரிவாள்மணையோடு வெளியே வந்து, "இருக்கறதத்தான சொன்னேன்?" என்றாள். அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த வருஷமே மகளுக்குத் திருப்பூரில் நல்ல இடம் அமைந்துவிட்டது. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. ஊருக்குள் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேச்சு மன்றம் வந்தது அதற்குப் பிறகுதான். வாசகசாலை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவோம். கிராமசபையில் வாய் திறக்க முடியாதவர்களுக்காக ஒரு கால்நடை டாக்டரம்மா ஆரம்பித்தது. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். பால் சொசைட்டியில் எனக்குப் பொறுப்பு கொடுத்திருந்தார்கள். மைக்கைப் பிடித்தால் எனக்குக் கால் நடுங்கும். அதனால் சேர்ந்தேன். ஒருவர் ஏழு நிமிடம் பேச வேண்டும். பிறகு இன்னொருவர் மூன்று நிமிடம் அந்தப் பேச்சை மதிப்பிட வேண்டும். நேரம் பார்க்கிறவர் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளைத் தூக்கிக் காட்டுவார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் மாடிப்படி ஏறி வந்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் சேர்ந்த இடத்துக்கு வேண்டுமென்றே வருகிறாள் என்று நினைத்தேன். விட்டுவிட்டுப் போகலாமா என்றும் யோசித்தேன். முதலில் வந்தவள் நான், நான் ஏன் போக வேண்டும்? அவளும் போகவில்லை. டாக்டரம்மாவுக்கு விஷயம் தெரியும் என்பதால் எங்கள் இரண்டு பேரையும் ஒரே வரிசையில்கூட உட்கார வைக்கமாட்டார். ஆனால் அவள் நன்றாகப் பேசினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். கையில் காகிதம் இல்லாமல் பேசுவாள். அவள் பேசும்போது நான் மேஜைக்கடியில் ஃபோனை நோண்டிக்கொண்டிருப்பேன்.

மன்றத்தின் முதலாம் ஆண்டு விழா வந்தது. மூன்று பேருக்குத்தான் பேச இடம். ஒருத்தி நான். வெளியிலிருந்து விருந்தினர்கள் வருவார்கள், பஞ்சாயத்து மெம்பர் வருவார், முன் வரிசையில் அவளும் இருப்பாள். என்ன பேசுவது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தலைப்பு அன்றே எழுதிக் கொடுத்தேன்: 'ஒரு ஃபோன்.' பெயர் சொல்லாமல் அவளைச் சபை நடுவில் நிறுத்திவிட வேண்டும். தோப்பில் மோட்டார் ஓடும்போது பேசிப் பழகினேன், யாருக்கும் கேட்காது.

நிகழ்ச்சிப் பட்டியலைத் தயாரித்தது பேங்க்கில் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண். திருச்சூர்க்காரி, மலையாளம் கலந்த தமிழ் பேசுவாள். எங்கள் கதை அவளுக்குத் தெரியாது. பட்டியல் வாட்ஸ்ஆப்பில் வந்தது. என் பேச்சை மதிப்பிடுபவர் என்ற இடத்தில் என் ஓரகத்தியின் பெயர் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே ஃபோன் பண்ணினாள்.

"சேச்சி, டாக்டர் இப்பத்தான் பறஞ்சாங்க. சாரி. நான் லிஸ்ட்டு மாத்தட்டே?"

"மாத்த வேண்டாமுங்க. அப்படியே இருக்கட்டும்" என்றேன். என்னைப் பற்றி மேடையில் என்ன சொல்லிவிட முடியும் அவளால்? எழுந்து நின்று வாயடைத்துப் போகட்டும் என்று நினைத்தேன்.

விழாவன்று பலூன் கட்டி, கேக் வெட்டி, மெம்பர் பொன்னாடை வாங்கி எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குக் கால் நடுங்கவில்லை. ஒரு அம்மா, ஒரு மகள், மகளுக்கு அமைந்த வாழ்க்கை, சொந்த வீட்டுக்குள்ளிருந்தே போன ஒரு ஃபோன். எல்லாம் சொன்னேன். "கூடப் பிறந்தவ மாதிரி நெனச்சவ அவ" என்று சொல்லும் இடத்தில் குரல் தானாகவே உடைந்தது. முன் வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சிவப்பு அட்டை வருவதற்குள் முடித்துவிட்டேன். கைதட்டல் அடங்க நேரமானது.

அவள் எழுந்து வந்தாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். என் பக்கம் திரும்பாமல் சபையைப் பார்த்துப் பேசினாள்.

"உறுப்பினரோட குரல் கணீர்னு இருந்துச்சுங்க. பேப்பர் பாக்காம பேசுனாங்க, சந்தோசம். எல்லாரு மொகத்தையும் பாத்துப் பேசுனாங்க, ஒருத்தரைத் தவிர."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"திருத்திக்க ரெண்டு விசயம் சொல்றனுங்க. அந்த ஃபோன்ல என்ன சொன்னாங்கன்னு நமக்குக் கடைசி வரைக்கும் தெரியல. அது நெசமா பொய்யான்னும் தெரியல. கேக்கறவங்களுக்கு அதைச் சொல்லோணுமுங்க. ரெண்டாவது, கதையில மூணு பொம்பளைக. அம்மா ஏழு நிமிசம் பேசுனாங்க. ஃபோன் பண்ணுனவ ஏழு நிமிசம் திட்டு வாங்குனா. கல்யாணம் ஆருக்கோ, அந்தப் புள்ளை ஒரு வார்த்தைகூடப் பேசலீங்க. அந்தப் புள்ளைகிட்டக் கேட்டுட்டு வந்து இன்னொரு தடவை பேசுனாங்கன்னா, பேச்சு முழுசாயிருமுங்க. நன்றி."

அப்போதுதான் மஞ்சள் அட்டை மேலே போனது. அவள் போய் உட்கார்ந்துவிட்டாள்.

கைதட்டினார்களா என்றுகூட நினைவில்லை. சிறந்த மதிப்பீட்டாளர் பரிசு அவளுக்குப் போனது. எல்லோரும் படம் எடுக்க நின்றோம். ஃபோட்டோக்காரர் விஷயம் தெரியாமல், "அக்கா, கொஞ்சம் ஒட்டி நில்லுங்க" என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார். தோள் தோளில் இடித்தது. அந்தப் படத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது நன்றாகத் தெரிகிறது.

சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. கீழே வந்து ஸ்கூட்டி பக்கத்தில் நின்றபடியே மகளுக்கு ஃபோன் பண்ணினேன். நடந்ததைச் சொல்லி, "எப்படிக் கேவலப்படுத்திட்டா பாத்தியா உங்க பெரியம்மா" என்றேன். மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"கண்ணு, இருக்கியா?"

"அம்மா, அந்த ஃபோனைப் பண்ணச் சொன்னதே நாந்தான்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கு என் இன்ஹேலரை எடுத்து அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வெச்சீங்க. மூச்சு முட்டிக்கிட்டே காப்பி கொண்டுபோய்க் குடுத்தேன். கல்யாணத்துக்கு அப்புறமும் எத்தனை நாளைக்கு ஒளிக்கறது? உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேன். வாயை மூடுன்னு சொன்னீங்க. அப்புறந்தான் பெரியம்மாகிட்டப் போனேன். எம்பேரு வெளிய வர வேண்டாம்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

"நாலு வருசமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க அவங்களைத் திட்டறதைக் கேட்டுட்டே இருந்தேன். அதே மாதிரி என்னையும் திட்டுவீங்கன்னு பயந்தேன். என் தப்புதான். என் வீட்டுக்காரர்கிட்டக்கூட நானேதாம்மா சொன்னேன்."

ஃபோனை வைத்த பிறகு என்ன நினைத்தேன் என்று நேர்மையாக எழுத வேண்டும். வெட்கமாகத்தான் இருந்தது. அரிசி டிரம் விஷயத்தை நான் மறந்தே போயிருந்தேன். மறக்க விரும்பினேன் என்பது சரியாக இருக்கும். ஆனால் வெட்கத்துக்கு மேலே கோபம் ஏறி உட்கார்ந்துகொண்டது. என் வயிற்றில் பிறந்தவள் மூச்சு முட்டும்போது என்னிடம் வரவில்லை, அவளிடம் போயிருக்கிறாள். நாலு வருஷம் அந்த ரகசியத்தை அவள் தன் மடியில் வைத்திருந்தாள். ஜன்னலை நான் அறைந்து சாத்தும்போதெல்லாம் அது அவளுக்குத் தெரியும்.

மத்தியானம் ஓரகத்தி பஸ்ஸில் வந்து இறங்கித் தோப்புப் பாதையில் நடந்து வந்தாள். பரிசுப் பையைக் கையில் மாட்டியிருந்தாள். நான் பாதை நடுவில் நின்றேன்.

"புள்ளை சொல்லித்தான் பண்ணுனீங்கன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

"நீ கேட்டியா?" என்றாள். "வாசல்ல வந்து நின்னு எம்பட குடும்பத்தையே நாசமாப் போகச் சொன்ன. கேக்கறதுக்கா வந்த?"

"இன்னைக்கு மட்டும் சபையில சொல்லிக் காட்டலாமா?"

"அவ பேரை நான் சொல்லல. கேளுன்னுதான் சொன்னேன். நீ ஏழு நிமிசம் பேசுன, நான் மூணு நிமிசம். அவ்வளவுதான்." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "அந்தப் புள்ளைக்காகத்தான் பொறுத்துட்டு இருந்தேன். உனக்காக இல்ல. நீ மன்னிப்புக் கேட்டாலும் எனக்கு வேண்டாம்."

"கேக்கறதா இல்ல" என்றேன்.

"நல்லது" என்று என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கு வரை கேட்கவில்லை.

தீபாவளிக்கு மகள் வந்தாள். முதலில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டுப் பிறகு என்னிடம் வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மன்றத்துக்கு இரண்டு பேரும் இப்போதும் போகிறோம். அவள் பேசும்போது ஃபோனை நோண்டுவதை விட்டுவிட்டேன், கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறேன். எங்கே தப்பு விடுகிறாள் என்று பார்த்துக்கொண்டே கேட்கிறேன், அதிகம் சிக்குவதில்லை. பேங்க் பெண்ணிடம், இனி எங்களை ஒரே பட்டியலில் போட வேண்டாம் என்று தனியாகச் சொல்லி வைத்தேன். அவள் தலையைச் சொறிந்தாள்.

"அந்தச் சேச்சியும் இதேதான் பறஞ்சாங்க, போன வாரம்" என்றாள்.