ஆஞ்சானை அவிழ்த்த நாள்

மதகடிப்பட்டில் எனக்கு டைப்பிங், ஜெராக்ஸ் கடை. பழைய பாய்க்கப்பல் சொற்களைத் தொகுத்துப் புத்தகம் போடுவதாக ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வந்தார். என் அப்பாவைக் கேளுங்கள் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். அப்பா கடலோர ஊரான நல்லவாட்டில் இருக்கிறார். இளவயதில் இலங்கைக்குப் போய்வந்த தோணிகளில் பாய் ஏற்றியவர். மூன்று மாதம் ஞாயிறுதோறும் வலையை ஓரம் வைத்துவிட்டு, ஒவ்வொரு கயிற்றுக்கும் பெயர் சொன்னார். புத்தகத்தில் தன் பெயரைப் போடும்படி ஒரே ஒரு முறை கேட்டார். அவசியம் போடுவதாகச் சொன்னார் பேராசிரியர்.

டைப் அடிக்க என்னிடமே கொடுத்தார். முன்னுரையில் அவருடைய மாமனார் இருந்தார், அட்டைப்படம் எடுத்தவர் இருந்தார், அப்பா இல்லை. ‘கள ஆய்வில் திரட்டியவை’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஏன் சார் என்று கேட்டேன்.

“நீ டைப் அடிக்கிற வேலைய மட்டும் பாரும்மா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே ஆத்திரத்தோடு அடித்துக்கொண்டு போனேன். நடுவில் ஒரு பக்கத்தில் ஆஞ்சானையும் தாமானையும் இடம் மாற்றி எழுதியிருந்தார். பாயை மரத்தில் ஏற்றி நிறுத்தும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்முனையைப் பிடித்திருப்பது தாமான். காற்று மிஞ்சினால் தாமானைத் தளர்த்த வேண்டும். ஆஞ்சானை விட்டால் பாயே கீழே வந்துவிடும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் இது தெரியும். ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அடித்துக் கொடுத்தேன். அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

வெளியீட்டு விழா நல்லவாட்டுக் கடற்கரையில். மணலில் நிறுத்திய படகில் பாய்மரம் நட்டு, பாய் ஏற்றியிருந்தார்கள். கயிறு பிடிக்க அப்பாவை அழைத்திருந்தார் பேராசிரியர். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. புத்தகத்தை வாங்கி என்னிடம் நீட்டினார்.

“எம் பேரு எந்தப் பக்கத்துல கீது?”

போடவில்லை என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. புத்தகத்தை என் கையிலேயே விட்டுவிட்டுப் படகில் ஏறினார்.

பேராசிரியர் பாய்க்கு அடியில் நின்று, மைக்கில் தன் புத்தகத்தைப் பார்த்தே உத்தரவு போட்டார். கடற்காற்று மிஞ்சியது, பாய் படபடத்தது. ஆஞ்சானைத் தளர்த்துங்கள் என்றார்.

“ஆஞ்சானையா சார்?” என்றார் அப்பா.

“ஆமா, ஆஞ்சான்தான். புத்தகத்திலயே போட்டிருக்கு.”

அப்பா என்னைப் பார்த்தார். சரி என்று தலையசைத்தேன். அவர் கயிற்றை விட்டார்.

பாய் மொத்தமும் பேராசிரியர் மேல் விழுந்தது. மைக் மட்டும் உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருந்தது. ஊரே சிரித்தது, நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இரக்கம் துளியும் வரவில்லை. அப்பா சிரிக்கவில்லை. கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

மறுவாரம் பேராசிரியர் போன் செய்தார். அடுத்த பதிப்புக்கு அந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டுமாம். முதல் பக்கத்தில் அப்பாவின் பெயர் வந்தால் திருத்துகிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். யோசிக்கட்டும். டைப் அடித்த ஃபைல் என் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. மற்ற எந்தப் பக்கங்களில் தப்பு இருக்கிறது என்பதும் எனக்கு மட்டும்தான் தெரியும்.