சாக்குக்கு ஒரு கிலோ

உப்புப் போட்டு அவித்த மல்லாட்டையின் வாசனை. கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முகத்தில் வந்து மோதும். ஈரத் தோல், செம்மண், உப்பு, ஆவி. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். அந்த வாசனைக்கு மற்றவர்களுக்குப் பசி வரும். எனக்கு வயிற்றை எக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, கண்ணை இறுக மூடி, ஓர் இரும்புப் பலகையின் மேல் ஏறி நிற்கத் தோன்றும்.

பலகை மாமாவுடையது. அக்காவின் கணவர். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார். மூட்டை ஏற்றும் தராசின் மேல் ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னையும் ஏற்றினார். சும்மா இல்லை. என் எடையில்தான் அக்காவின் உயிர் மாட்டிக்கொண்டிருந்தது.

அக்காவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் திருவண்ணாமலைக்கு வந்து, நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருப்பாள். என்னுடையதில் ஒன்றைக் கொடுக்கலாம் என்று சென்னையில் சோதித்துச் சொன்னார்கள். ரத்தம் பொருந்தியது. திசு பொருந்தியது. என் மனைவி, "குடுக்கிறதுதான் குடுக்குறீங்க, தொப்பையையும் சேர்த்துக் குடுத்துட்டு வாங்க" என்று சொல்லிச் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். பொருந்தாமல் நின்றது என் தொண்ணூற்றொரு கிலோதான்.

"எண்பதுக்கு வந்துட்டு வாங்க," என்றார் டாக்டரம்மா. "அதுக்கு மேல இருந்தா குடுக்கிறவங்களுக்கு ஆபத்து. நான் கத்தி வைக்க மாட்டேன். அதுக்காக ரொம்ப நாளும் எடுத்துக்காதீங்க. உங்க அக்காவோட இதயம் களைச்சுப்போயிட்டு வருது."

அடுத்த ஞாயிறே மாமா என்னைத் தராசில் ஏற்றினார். "தொண்ணூறு!" என்று மண்டி முழுக்கக் கேட்கும்படி கூவினார். ஒரே வாரத்தில் ஒரு கிலோ! எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. அன்று மத்தியானம் அதைக் கொண்டாட வடை சாப்பிட்டேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் போன கிலோக்கள் நல்ல கிலோக்கள். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பின. சர்க்கரையை விட்டேன், ஒன்று போனது. ராத்திரிச் சோற்றை விட்டேன், இரண்டு போயின. காலையில் மலை சுற்றும் பாதையில் அடி அண்ணாமலை வரை நடந்து திரும்பினேன், இன்னும் நாலு போயின. அப்படியே எண்பத்து மூன்றுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே நின்றுவிட்டது. கடைசி மூன்று கிலோவும் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள்போல மூலையில் பையை வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கால் நீட்டி உட்கார்ந்துகொண்டன. போகிற பேச்சே இல்லை.

செங்கம் சாலையில் வெள்ளைக்காரர்களுக்காகத் திறந்திருக்கும் கடைகளில் ஒன்றுக்குப் போனேன். அவர்கள் எதிர்க் கடையில் வாழை இலைக்கு முன்னால் சம்மணம் போட்டுச் சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருக்க, நான் இங்கே கீரைத் தழையை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தேன். குத்தக் குத்தத் தழை நழுவியது. ஒரு வாரம். அரை கிலோ.

பௌர்ணமி வந்தது. பதினாலு கிலோமீட்டர், முழுச் சுற்று, கட்டாயம் ஒரு கிலோ இறங்கும் என்று சாயங்காலமே கிளம்பினேன். நூறு அடிக்கு ஓர் அண்டா. எலுமிச்சை சாதம், சுண்டல், கேசரி. வேண்டாம் என்று கையை மடக்கினால், "சாமி பேர்ல குடுக்கறதுங்க, வேணாம்னு சொல்லாதீங்க" என்று மடக்கிய கைக்குள்ளேயே தொன்னையைச் செருகுகிறார்கள். இறங்கிய அரை கிலோ ஏறிவிட்டது. ஊரே சேர்ந்து என்னை ஊட்டி வளர்க்கும்போது நான் என்ன செய்வேன் என்று அக்காவிடம் புலம்பினேன்.

டயாலிசிஸ் படுக்கையில் இருந்தாள். ஒரு கையில் குழாய்கள். இன்னொரு கையால் என் வயிற்றில் ஒரு தட்டு தட்டினாள்.

"டேய், நான் நாலு மணி நேரத்துல ரெண்டரை கிலோ எறக்கிட்டு எழுந்து போறேன். நீ நாலு வாரமா அரை கிலோ எறக்க மாட்டேங்குற. வெக்கமா இல்ல?"

"உனக்குத் தண்ணிக்கா. எனக்குக் கொழுப்பு."

"அது ஊருக்கே தெரியுமே."

பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்துவிட்டார். அக்காவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று கணக்கு. சித்திரை வெயிலில் எங்கள் ஊர்ப் பாறைகள் அடுப்புக் கல்லாய்க் கொதிக்கிறபோது, அவள் ஒரு துண்டு ஐஸை வாயில் அடக்கிக்கொண்டு அது கரைகிற வரைக்கும் பேசாமல் இருப்பாள். அவள் பேசாமல் இருப்பது அப்போது மட்டும்தான். சாப்பாட்டு நேரத்தில் இருவரும் எதிரெதிரே உட்காருவோம். நான் அவளுடைய தம்ளரைப் பார்க்க மாட்டேன், அவள் என்னுடைய தட்டைப் பார்க்க மாட்டாள். ஒருநாள் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டாள். உதடு வெடித்திருந்தது. கழுத்தில் ஒரு நரம்பு அவசர அவசரமாய்த் துடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அங்கிருந்து வீடு வரைக்கும் நடந்தே போனேன். யாரும் சொல்லாமல், எதையும் குறைக்க வேண்டும் என்று நினைக்காமல்.

டயாலிசிஸ் பிரிவிலும் ஓர் எடை இயந்திரம் உண்டு. படுக்கைக்குப் போகும் முன்பும் எழுந்த பின்பும் அக்காவை அதில் நிறுத்துவார்கள். சும்மா நிற்கிறேனே என்று ஒருநாள் நானும் ஏறினேன். மண்டியில் எண்பத்தொன்றரை. இதிலோ எண்பத்திரண்டரை. அடுத்த வாரமும் அதே மாதிரி, சரியாய் ஒரு கிலோ ஜாஸ்தி.

மாமாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "மச்சான், என் தராசுக்கு வருஷா வருஷம் கவர்மெண்ட்டுக்காரன் வந்து முத்திரை போட்டுட்டுப் போறான். ஆஸ்பத்திரித் தராசுக்கு எவன் முத்திரை போட்டான்? நூறு பேர் ஏறி ஏறி மிதிக்கிற தராசு, அதுல போயி நெஜத்தத் தேடுறியா?"

நியாயமாகத்தான் பட்டது. குறைவாகக் காட்டுகிற தராசை நம்புவதில் எனக்கென்ன சிரமம்?

மண்டியில் எடை போடும் முறையைச் சொல்லிவிட வேண்டும். தராசின் எண் தெரிகிற பெட்டி மாமாவின் மேஜைப் பக்கம் பார்த்திருக்கும். மூட்டையை ஏற்றியதும் அவர் பார்த்து, எடையைக் கூவுவார், பக்கத்தில் எழுதிக்கொள்வார்கள். பலகையில் நிற்கிற எனக்கு மாமாவின் முகம்தான் தெரியும். எண் தெரியாது. தெரிந்திருந்தாலும் கண்ணைத்தான் மூடிக்கொண்டு நிற்கிறேனே. கை மட்டும் சும்மா இருக்காது. ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும் பக்கத்துக் குவியலில் போய் நாலு பச்சை மல்லாட்டையை எடுத்து உரித்துக்கொண்டிருக்கும். கடைசி மூன்று கிலோவின் பூர்வீகம் பெரும்பாலும் அந்தக் குவியல்தான்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கூவினார்: "எண்பது!"

கூவிவிட்டு மேஜையைச் சுற்றி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். மூட்டை தூக்குகிறவர்கள் கை தட்டினார்கள். மாமாவின் சட்டையில் சாக்குத் தூசி. எனக்கு மூன்று தும்மல் வந்தது. அன்றே சென்னைக்குப் போன் செய்து தேதி வாங்கினோம்.

சென்னையில் ஆஸ்பத்திரி நர்ஸ் எடை போட்டாள். குறித்துக்கொண்டாள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எண்பத்தொண்ணு."

"இல்லம்மா, எண்பது. தராசு..."

இன்னொரு தராசில் ஏற்றினார்கள். எண்பத்தொன்று. "ஒரு கிலோவுக்கு என்னங்க?" என்று கேட்டுப் பார்த்தேன். "எண்பத்தொண்ணுக்கு விட்டா அடுத்தவர் எண்பத்திரண்டுல வந்து இதையே கேப்பார்," என்றார். அடுத்த தேதி மூன்று வாரம் தள்ளித்தான். அக்கா எதுவும் சொல்லவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரை நீவிக்கொண்டிருந்தாள். வாயில் ஐஸ்கூட இல்லை.

வெளியே நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்தோம். மாமா எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் முணுமுணுத்தது. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மச்சான். பொட்டியில எண்பத்தொண்ணுதான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் மாமா எண்பதுன்னீங்க?"

"சாக்குக்கு ஒண்ணு கழிச்சிட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பலகை மேல எது ஏறினாலும் சாக்குக்கு ஒரு கிலோ கழிச்சிதான் சொல்றது வழக்கம். முப்பது வருஷமா கண்ணு ஒண்ணு பாக்குது, வாய் ஒண்ணு கம்மியாச் சொல்லுது. உன்னையும் மூட்டையாவே நெனச்சிட்டேன்டா. மொத நாள்ல இருந்து."

முதல் நாளிலிருந்து! அப்படியானால் வடை சாப்பிட்டுக் கொண்டாடிய அந்த முதல் கிலோ நான் இறக்கியதே இல்லை. நான் உடுத்தியிராத ஒரு சாக்கின் எடை. மாமாவின் கண் நிறைந்துவிட்டது. அக்காவைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். சிரிப்பு நிற்கவில்லை. நாற்காலி கிறீச்சிட்டது. போகிற வருகிற நர்ஸ்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏங்க," என்றாள் மாமாவிடம், மூச்சு வாங்க, "ஒரே ஒரு சாக்குக்குத்தான் கழிச்சீங்களா? இவன் பொறந்ததுல இருந்து சொன்ன சாக்குக்கெல்லாம் கழிச்சிருந்தா இந்நேரம் அம்பதுக்கு வந்திருப்பானே!"

மாமா அழுதுகொண்டே சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே வெட்கப்பட்டேன். வெள்ளைக்காரர் கடை, பௌர்ணமி அண்டா, முத்திரை இல்லாத தராசு, எல்லாம் வரிசையாய் வந்து என் முன்னால் நின்றன. எல்லாம் நான் தைத்த சாக்குகள்.

மூன்று வாரம். காலை ஐந்தரைக்கு அக்கா போன் செய்வாள்.

"நடக்குறியா, உக்காந்திருக்கியா?"

"நடக்குறேன்கா."

"மூச்சே வாங்கல. பொய்."

"பழகிடுச்சுக்கா."

"அப்ப வேகமா நட. எனக்குக் கேக்கணும்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவளுக்குக் கேட்கட்டும் என்று நடந்தேன். வலப்பக்கம் மலை, ஒவ்வொரு வளைவிலும் வேறு ஒரு மலையாக. மயில் அகவினால், "அது யாருடா, நீயா?" என்பாள். மண்டிக்குப் போனால் குவியலை விட்டு நாலு அடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மாமா பெட்டியை என் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். "நீயே படிச்சுக்கோ. என் வாய நம்பாத." என் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டு படித்தேன். எண்பது புள்ளி ஏழு. எண்பது புள்ளி இரண்டு. மூன்றாவது ஞாயிறு, எழுபத்தொன்பது புள்ளி ஆறு. இந்த முறை யாரும் கூவவில்லை. மாமா தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து தானும் ஒருமுறை பார்த்தார். "சரியாத்தான் இருக்கு," என்றார். அவ்வளவுதான். அன்று வடை சாப்பிடவில்லை.

முடிவைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வாசகரைக் காக்க வைக்கத் தெரியாது. அக்கா நன்றாக இருக்கிறாள். சொம்பைத் தூக்கி அண்ணாந்து, கழுத்தில் வழிய வழிய, கடகடவென்று தண்ணீர் குடிக்கிறாள். எனக்கு இரண்டு கிலோ திரும்ப ஏறியிருக்கிறது. அதற்கு அவள் வாயில் விழுந்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

ஆனால் ஆபரேஷன் அன்று காலை இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பச்சை அங்கியும் காகிதத் தொப்பியுமாக இருவரையும் இரண்டு தள்ளுபடுக்கைகளில் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். எனக்கு இடதுபக்கக் கதவு, அவளுக்கு வலதுபக்கக் கதவு. மாமாவைக் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். மருந்து நெடி. மேலே விளக்குகள் வெள்ளை வெள்ளையாய்க் கலங்கித் தெரிந்தன. அக்கா நீட்டிய கையைத் தேடிப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"டேய்."

"ம்?"

"கண்ணாடியக் கழட்டிட்டாங்களா?"

"கழட்டிட்டாங்கக்கா. நீ ஒரு பச்சை மூட்டமாத்தான் தெரியற."

"என் மூஞ்சி?"

"சுத்தமாத் தெரியல."

கையை ஒருமுறை அழுத்தினாள். படுக்கைகள் நகரத் தொடங்கின. விரல்கள் ஒவ்வொன்றாய் விட்டன.

"அப்ப நல்லதாப் போச்சு. நான் அழுவறத நீ பாக்கல. போய்ட்டு வா."