ஹேண்டில்பாரை விட்ட கை

கோயிலைத் தாண்டும்போது வண்டியில் இருந்தபடியே ஒரு கையை எடுத்து நெஞ்சிலும் உதட்டிலும் வைத்துக்கொள்வதை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் கற்றுத்தருவதில்லை. மொபெட்டில் மீன் கூடை கட்டிக்கொண்டு போகிறவர் செய்வார், ஷேர் ஆட்டோக்காரர் செய்வார், ஸ்கூட்டரில் காலேஜுக்குப் போகிற பெண்ணும் செய்வாள். கண் ஒரு நொடி மூடும், கை தானாக எழும், வண்டி அது பாட்டுக்கு ஓடும். எனக்கும் அப்படித்தான். ஐம்பத்து நான்கு வயது வரைக்கும் அதில் ஒரு தப்பு இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நான் கடலூர் முதுநகரில் ஓர் ஐஸ் கம்பெனியில் மேஸ்திரி. பத்தாவதோடு படிப்பு முடிந்தது. சர்க்கரை ஏறியபோது டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் முட்டி வலித்தது. "சைக்கிள் வுடு மாமா, முட்டிக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொன்னவன் என் மச்சான். என் மனைவியின் ஒரே தம்பி. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸுக்கு டிரைவர். மத்தியானத்துக்கு மேல்தான் அவனுக்கு வண்டி. காலையில் சும்மா இருக்கப் பிடிக்காமல், பாண்டிச்சேரியில் யாரிடமோ மெல்லிய டயரும் வளைந்த கைப்பிடியும் உள்ள ரேஸ் சைக்கிள் ஒன்றைப் பழசாக வாங்கியிருந்தான். அதே மாதிரி ஒன்றை எனக்கும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தான். முதல் நாள் அதில் ஏறி உட்கார்ந்தபோது தெருவே சிரித்தது. மனைவியும் சிரித்தாள்.

கெடிலத்தில் வெள்ளம் வந்து போன பிறகு கரையை உயர்த்தி, மேலே சிமெண்ட் கல் பதித்து ஒரு பாதை போட்டிருந்தார்கள். நடுவில் மஞ்சள் கோடு. ஊர்ப்பக்கம் நடப்பவர்களுக்கு, ஆற்றுப்பக்கம் சைக்கிளுக்கு என்று போர்டு இருந்தது. போர்டுக்குக் கீழேயே உளுந்து காய்ந்தது. ஆடுகளுக்குக் கோடு தெரியாது, நடக்க வருகிறவர்களுக்கும் தெரியாது. ஆனாலும் விடியற்காலையில், ஆற்றில் கொஞ்சம் தண்ணீரும் நிறைய நாணலுமாக இருக்கும்போது, அந்தப் பாதையில் காற்றோடு போவது எனக்கு இனித்தது. போகும் வழி எல்லாம் மனசுக்குள் நாமம் சொல்லிக்கொண்டே மிதிப்பேன்.

பாதி வழியில் ஊர்ப்பக்கம் ஒரு பச்சைவாழியம்மன் கோயில். சின்னதுதான். கம்பிக் கதவு, ஒரு டியூப்லைட், வாசலில் பூக்கட்டும் ஓர் அம்மா, படியில் சுருண்டு கிடக்கும் செவலை நாய் ஒன்று. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு அந்த அம்மன்தான் எங்கள் துறையில் முதலில் தண்ணீரில் இறங்குவாள். அந்த இடம் வந்தால் என் வலது கை ஹேண்டில்பாரை விட்டுவிடும்.

மச்சானுக்கு அது பிடிக்காது. அவன் சாமி கும்பிடாதவன். அவன் பஸ்ஸில் முதலாளி மாட்டிய சாமி படங்கள் இருந்தன, அவ்வளவுதான்.

"மாமா, கையை எடுக்காத. இது மெல்லிசு டயரு. ஒரு கல்லு போதும்."

"அம்மா பாத்துக்குவா."

"அம்மா பாத்துக்கட்டும். நீ ரோட்டைப் பாரு."

"நம்பிக்கை இல்லாதவன் வாயை மூடிக்கினு வா, மச்சான்."

"கும்புடணும்னா எறங்கிக் கும்புடு. ஒரு நிமிஷம் ஆவுமா? எறங்கவும் சோம்பேறித்தனம், சாமியை வுடவும் மனசில்ல. டிக்கெட் எடுக்காம படிக்கட்டுல தொங்கறவனாட்டம் இருக்குது உன் பக்தி."

தினமும் ஏதாவது ஒன்று சொல்வான். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்வேன். நாய்க்கு மட்டும் அவன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் போகும். அதற்காக அவன் இறங்கி நிற்பான். சாமிக்கு இறங்காதவன் நாய்க்கு இறங்குகிறான் பார் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. மேற்கே போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். திரும்பும்போது கோயில் இடது கைப்பக்கம் வரும், ஆறு வலது பக்கம். அன்று அவன் என் இடது பக்கம், கோயிலை ஒட்டி வந்தான். அவனைத் தாண்டித்தான் எனக்கு அம்மன் தெரிந்தாள். வெள்ளிக்கிழமை என்பதால் மஞ்சள் பட்டு. நான் கையை எடுத்தேன். கண்ணை மூடினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் மூடியிருக்க வேண்டும். முகம் போன பக்கமே சைக்கிளும் போனது. என் முன் சக்கரம் அவன் சக்கரத்தில் ஏறியது. அவன் பாதையை விட்டுத் தூக்கியெறியப்பட்டு, கோயிலுக்கு இந்தப் பக்கம் சரிவில் அடுக்கியிருந்த கருங்கல்லின் மேல் இடது கையை ஊன்றி விழுந்தான். நான் அவன் சைக்கிளின் மேல் விழுந்தேன். எனக்கு முழங்கையில் தோல் போனது. அவ்வளவுதான்.

நடக்க வந்தவர்கள் ஓடிவந்தார்கள். வெள்ளை ஷூ போட்ட ஒருவர் என்னைத் தூக்கி உட்காரவைத்து, "நாய் குறுக்க வந்துடுச்சாங்க?" என்று கேட்டார். நாய் படியில் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் "ஆமாங்க" என்றேன்.

அந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. அவர் நீட்டினார், நான் வாங்கிக்கொண்டேன். ஆனால் வாங்கிய பிறகு திருப்பிக் கொடுக்க எனக்கு நிறைய நேரம் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தது. மச்சானுக்குக் கையில் பிளேட் வைத்த அன்று இருந்தது. சாமியைக் கும்பிட்ட கையால்தான் இது நடந்தது என்று அந்தச் சாமி கும்பிடாதவனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் என் புத்தி போனது. அவன் கையைப் பற்றி நான் நினைத்ததைவிட, அவன் என்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரியாகிவிடுமே என்று நினைத்ததுதான் ஜாஸ்தி. கடவுள் சத்தியமாக இதுதான் உண்மை.

பத்து நாளைக்குள் நடக்க வருகிறவர்கள் சேர்ந்து எழுதிக்கொடுத்து, கூண்டு வண்டி வந்து கரையில் இருந்த நாய்களைப் பிடித்துக்கொண்டு போனது. செவலையும் போயிற்று. பூக்கட்டும் அம்மா என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

"அது படியை வுட்டு எறங்காதுங்களே. உங்களுக்கு நல்லாத் தெரியுமா, அதுதானா?"

"அடிபட்ட பதட்டத்துல எது இன்னான்னு தெரியலம்மா" என்றேன். அவள் நார் கிழிக்கத் தொடங்கினாள்.

மச்சானுக்கு மாவுக்கட்டு பிரித்த பிறகும் இடது மணிக்கட்டு திரும்பவில்லை. டிரைவருக்கு வலது கை ஸ்டியரிங் என்றால் இடது கை கியர். பஸ் ஷெட்டில் ஒருநாள் ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கிறான். மூன்றாவது விழுந்தது, நான்காவது விழவில்லை என்று வீட்டில் வந்து சொன்னான். முதலாளி நல்லவர், வேலையை விட்டு அனுப்பவில்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதி, நேரம் சொல்லி, வண்டிகளைக் கிளப்பும் வேலையில் போட்டார். அவன் குடும்பத்தோடு சிதம்பரம் போய்விட்டான்.

இதற்கு நடுவில் என் மனைவி, பச்சைவாழியம்மன்தான் என்னைச் சின்னக் காயத்தோடு காப்பாற்றினாள் என்று அவளுக்குப் பொங்கல் வைத்தாள். தை ஆற்றுத் திருவிழாவுக்கு முன்னால் ஒரு வெண்கல மணியும் வாங்கிக் கட்டினாள். அதில் உபயம் என்று என் பெயரை வெட்டியிருந்தார்கள். மணி கட்டும்போது மச்சானும் வந்திருந்தான். நல்ல கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு கேலியும் செய்யவில்லை.

ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போனேன். கூட்டத்தில் நெருக்குண்டு நின்று தரிசனம் பார்த்தேன். கையைத் தலைக்கு மேல் குவிக்க எல்லோரையும் போலத் தூக்கினேன். என் வலது கையை நானே பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, சாமியைப் பார்க்கவில்லை. வெளியே வந்து நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

"தரிசனம் ஆச்சா மாமா?" என்றான். டீ வாங்கிக் கொடுத்தான்.

"மச்சான், அன்னிக்கு நாய் வரல."

"தெரியும்."

"நான் கையை எடுத்துட்டேன்."

"அதுவும் தெரியும். சக்கரம் இடிச்சப்ப நான் உன் மூஞ்சியைத்தான் பாத்தேன். கண்ணு மூடியிருந்துது."

"ஏண்டா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். ஆஸ்பத்திரியில பாத்தேன். ஏணியைப் புடிச்சிக்கினு நின்னப்பகூடப் பாத்தேன்."

ஒரு வண்டி கிளம்பும் நேரம். போய் விசில் ஊதிவிட்டு வந்தான். டிரைவரை நோக்கி எடு எடு என்று கை காட்டினான், வலது கையால்.

"இப்ப சொல்லி இன்னா மாமா. உனக்கு பாரம் எறங்கும். எனக்கு கியர் வுழுமா?"

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குக் கடலூர் வண்டியில் ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தான். "அக்காகிட்ட சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்" என்றான். வண்டி நகர்ந்தது.

அன்று சாயங்காலமே மனைவியிடம் சொன்னேன். கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தம்பிக்குத் தெரியுமா?" என்றாள்.

"மொதல்லேர்ந்து தெரியும்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது." நறுக்கிய காயை ஒதுக்கிவைத்துவிட்டு, "அம்மா உங்களைக் காப்பாத்துனான்னு தெருவெல்லாம் சொன்னேனே. அவன்கிட்டயே சொன்னேனே" என்றாள். சாப்பாடு போட்டாள். இன்றைக்கும் நேரத்துக்குப் போடுகிறாள். அந்தக் கோயிலுக்கு மட்டும் அவள் வருவதில்லை.

பூக்கட்டும் அம்மாவிடமும் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பொங்கல் வெச்சப்ப சொல்லியிருந்தா நாய் புடிக்கிற வண்டிக்காரங்கள்ட்ட கேட்டுப் பாத்திருப்பேன்" என்றாள். மணியைக் கழற்றிவிடச் சொல்லிப் பூசாரியைக் கேட்டேன். அம்மனுக்குக் கொடுத்ததை எப்படித் திருப்புவது என்று சொல்லிவிட்டார்.

சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. சைக்கிளை விடாதீர்கள் என்கிறார் டாக்டர். விடவில்லை, தனியாகத்தான் போகிறேன். கோயிலுக்கு நாற்பது அடி முன்னாலேயே இறங்கிவிடுகிறேன். இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே அந்தப் படியைத் தாண்டுகிறேன். உள்ளே யாராவது மணியை அடிப்பார்கள். நான் அடிப்பதில்லை. அம்மனை ஏறிட்டுப் பார்க்கிறேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க வாய் வருகிறது. கேட்க வேண்டிய இடம் சிதம்பரத்தில் விசில் ஊதிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்து, கேட்காமல் தள்ளிக்கொண்டு போகிறேன்.