சதுப்புக்குள் வெட்டிய கான்

தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தின் அடிவாரத்தில் இருந்தது எங்கள் கீழ் லயம், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அதற்குக் கீழே ராசாங்கக் காடு. காட்டின் ஓரம், ஆற்றங்கரை மேடு வரைக்கும் சதுப்பு. முழங்கால் சேறு, கோரை, அட்டை. நாங்கள் அதை வெறுத்தோம். ஆறு பெருகினால் வெள்ளம் முதலில் அந்தச் சதுப்பில்தான் பரவும். கோரைக்குள் ஊறி ஊறி லயத்து வாசலுக்கு வர ஒரு பகல் முழுதும் ஆகும். அதற்குள் சட்டிபானை, கோழி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேல் லயத்துக்குப் போய்விடுவோம். அந்த ஒரு பகலைத் தந்தது சதுப்புதான் என்று எவன் புத்தியிலும் ஏறவில்லை.

காட்டு இலாகா ஐயா ஒருவர் வந்தார். தண்ணீர் நிற்கிற நிலம் வீண், வடித்துவிட்டு மரம் வைக்க வேண்டும் என்றார். தோட்டத்துத் துரை எங்களில் பன்னிரண்டு பேரை அனுப்பினார். மழைத்தண்ணீரை ஓடவிட மலையில் வெட்டும் வாய்க்காலைக் கான் என்போம். கான் வெட்டுவதில் எங்களை மிஞ்ச ஆள் இல்லை என்ற திமிர் எங்களுக்கு. வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் கீழே போகும், திரும்பி வராது. மலையில் அவ்வளவுதான் கணக்கு. அதையே சதுப்பிலும் செய்தோம். லயத்தடியிலிருந்து நேராக, ஆள் ஆழத்துக்கு வெட்டிக்கொண்டு போய், ஆற்றங்கரை மேட்டையும் உடைத்தோம்.

பாய்க்குக் கோரை வெட்ட வரும் சிங்களப் பெண் ஒருத்தி நின்று பார்த்தாள். எங்களோடு பழகித் தமிழ் நன்றாகப் பேசுவாள்; ஆற்றை மட்டும் அவர்கள் வழக்கப்படி கங்கை என்பாள்.

"அனே, மலைக்காரங்க கங்கைக்குப் பாதை போட்டுக் குடுக்கிறாங்களே! விருந்துக்கா கூப்பிடுறீங்க?"

"நீ போய் உன் பாயைப் பின்னு, நங்கி," என்றார் எங்கள் கங்காணி, தங்கச்சி என்பதை அவள் மொழியிலேயே சொல்லி. "எங்களுக்கே கான் வெட்டச் சொல்லிக்குடுக்க வந்துட்டா."

"இப்ப தண்ணி போகும். கங்கை ஏறுனா அதே பாதையில வரும். அப்ப என் பாயில ஏறி மெதங்குங்க."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

சதுப்பு காய்ந்தது. வைகாசியில் மழை பிடித்தது. என் மனைவி பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள். இரண்டு நாள் விடாத மழைக்குப் பிறகு, காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கேட்டாள்.

"மேல் லயத்துக்குப் போயிரவாங்க?"

எட்டிப் பார்த்தேன். சதுப்பில் தண்ணீர் இல்லை.

"எதுக்கு? பச்ச ஒடம்பு, நனையாத. வந்தாலும் பொழுது சாயத்தான் வரும்."

பத்து மணி இருக்கும். மேல் மலையில் புல் வெட்டிக்கொண்டிருந்தோம். கீழே கூச்சல் கேட்டது. ஓடி வந்தபோது லயத்தில் மார்பளவு தண்ணீர். ஆறு எங்கள் கான் வழியாக நேரே வாசலுக்கு வந்திருந்தது. மற்றவர்கள் ஓடி ஏறிவிட்டார்கள். இவளால் ஓட முடியவில்லை. பிள்ளையைச் சேலையில் சுற்றி உத்திரத்தில் கட்டிவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இழுப்பு அப்படி. கயிறு கட்டி இறங்கி இரண்டு பேரையும் வெளியே கொண்டுவர மத்தியானம் தாண்டிவிட்டது. பிள்ளை பிழைத்தது. அவளுக்குச் சன்னி கண்டு ஐந்தாம் நாள் செத்துப்போனாள்.

தண்ணீர் வடிந்ததும் ஐயா வந்து பார்த்தார்.

"கான் நல்லா வேலை செஞ்சிருக்கு. வாயில மண் அடைச்சிருக்கு, அதை மட்டும் வாரிடுங்க."

"என்ன வேலைங்க செஞ்சது? எம் பொண்டாட்டியக் கொன்னதா?"

"சும்மா இருடா," என்று கங்காணி என் கையைப் பிடித்தார்.

"லயத்தைக் கட்டின இடம் தப்பு," என்று சொல்லிவிட்டு ஐயா நடந்தார். லயம் அவருக்கு முன்னாலேயே அங்கே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை மேல் லயத்தில் பால் கொடுக்கிற ஒருத்தியிடம் விட்டுவிட்டு மம்பட்டியோடு இறங்கினேன். தனியாகத்தான் போனேன். கொஞ்ச நேரத்தில் மற்ற பதினொரு பேரும் வந்தார்கள். பின்னால் கங்காணியும் வந்தார். மேட்டில் உடைத்த இடத்தைக் கல்லும் கட்டையும் மண்ணும் போட்டு அடைக்கத் தொடங்கினோம். ஒரு நாளில் முடிகிற வேலையில்லை. விஷயம் ஐயா காதுக்கு எட்டியது. ராசாங்க நிலத்தில் கை வைத்தால் வழக்குப் போடுவேன் என்று ஆள் அனுப்பினார்.

அடுத்த ஞாயிறும் போனோம்.