சந்தனம் உலர்ந்த துளை

ஒரு மடிக்கணினியின் பெயரோடு சேர்த்து என் பெயரும் ஊரில் அடிபடத் தொடங்குவதற்கு முன்பே நான் பட்டதாரி. ஒரு கல்லூரியின் அதிபர். அமிர்தகழியில் என் வீட்டு வாசலைக் கடப்பவர்கள் சைக்கிளை விட்டு இறங்கிச் செல்லுமளவு மதிக்கப்பட்டவன். தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் எழுந்த பேச்சு எவ்வளவு சிறிய துளையிலிருந்து புறப்பட்டது என்பதை வாசகர் உணரவேண்டும். அந்தத் துளை விசைப்பலகைக்கு மேலே, மூடியின் கீலுக்கு அருகில் இருந்தது. ஒரு குன்றிமணியை வைத்தால் மறைந்துவிடும்.

கணினியைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தவர் எங்கள் ஆங்கில ஆசிரியை. வெளிநாட்டிலிருந்த தமையனிடம் கேட்டுப் பெற்று, தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். கறுப்பு நிறம், செங்கல்லைப் போன்ற கனம். அவர் மெதடிஸ்த திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். ஆசிரியர் கூட்டத்தில் என் முகத்தைப் பார்த்து மறுத்துப் பேசக்கூடியவர் அவர் ஒருவரே. வாவியிலிருந்து வரும் உப்புக்காற்று உள்ளே போகக் கூடாதென்று, பாடவேளை முடிந்ததும் மெல்லிய தூரிகையால் எழுத்துகளுக்கிடையே துடைத்து, துணியால் மூடிவைப்பார். பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை துவட்டும் தாயிடம்கூட அத்தனை பொறுமையை நான் கண்டதில்லை.

அந்த வருடத்து வாணிவிழாவில், புத்தகங்களோடும் வயலின்களோடும் விஞ்ஞானகூடத்துத் தராசோடும் கணினியையும் சரஸ்வதி படத்தின் முன் வைக்கும்படி பணித்தேன். வேதக்கார மிஸ் சம்மதிப்பாரா என்று ஆசிரியர் அறையில் முணுமுணுத்தார்கள். அவரோ யார் கையிலும் கொடுக்காமல் தாமே சுமந்துவந்தார். “புத்தகத்த வைக்கிறீங்க, இதுவும் புத்தகந்தானே சேர்” என்றார். எல்லாப் பொருளுக்கும் சந்தனம் வைப்பதைக் கண்டு கிண்ணத்தை வாங்கி, எழுத்துகளிலும் திரையிலும் படாத இடமாகத் தேடி, மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்தார். அதன்பின் மூடியைச் சாத்தியவன் நான். பூசையில் வைத்த எதையும் விஜயதசமிக் காலைவரை திறக்கக் கூடாது என்பது கல்லூரி வழமை. அதில் எவருக்கும் விலக்களித்தவனல்ல நான். ஐயர் மஞ்சள்நீர் தெளித்தபோது கணினி பட்டுத்துணிக்குள் இருந்தது.

விஜயதசமியன்று திறந்தோம். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுழலும் ஓசையும் கேட்டது. திரை மட்டும் இருண்டு கிடந்தது. ஊருக்கு வந்திருந்த ஒரு தொழில்நுட்பர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும் என்றார். போர்க்காலச் சோதனைச் சாவடிகளைத் தாண்டி மின்கருவியொன்றைக் கொழும்புக்கு எடுத்துச் செல்லும் காலமல்ல அது. கணினி அலுமாரிக்குள் போயிற்று. “அதிபர் குளிப்பாட்டின கம்பியூட்டர்” என்ற பேச்சு வெளியே வந்தது. கேட்ட இடமெல்லாம் ஆங்கில ஆசிரியை மறுத்தார். அவர் மறுக்க மறுக்கப் பேச்சு வளர்ந்தது. நான் ஓய்வுபெற்ற பிறகும், திருமண வீடுகளில் என் பழைய மாணவர்கள் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். அந்த எழுந்து நிற்றலில் எனக்குத் திருப்தி இல்லை.

இந்த வருடம் பழைய மாணவர் சங்கத்தார் கல்லூரியில் ஒரு காட்சி அறை அமைத்தார்கள். கணினிக்கு அவர்கள் எழுதிய குறிப்பை மரியாதையாக எனக்குக் காட்டினார்கள்: பூசைநீரால் பழுதடைந்த முதலாவது மடிக்கணினி. நான் போனபின்னும் சுவரில் நிற்கப்போகும் வாசகம் அது. “இயங்கினால் இதைக் கிழிப்பீர்களா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டு சம்மதித்தார்கள்.

நகரத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் பழைய மாணவியொருத்தியிடம் அதை எடுத்துச் சென்றேன். செய்தி கேட்டு ஆங்கில ஆசிரியையும் முச்சக்கர வண்டியில் வந்துவிட்டார். தலை முழுதும் நரைத்திருந்தது, குரல் மாறவில்லை.

“சேர், இதக் கடைக்கில்ல, பழசுகள் வைக்கிற நூதனசாலைக்குத்தான் கொண்டு போகணும்” என்றாள் மாணவி.

“அங்கதான் போகுது புள்ள. போறதுக்கு முதல் ஒருக்காக் கண்ணத் திறக்கட்டும்” என்றார் ஆங்கில ஆசிரியை.

பொருத்தமான மின்னிணைப்பைத் தேடிப் பொருத்தினாள். பச்சை விளக்கு, விசிறி, இருண்ட திரை. வேறொரு திரையைக் கொண்டுவந்து தொடுத்ததும், அதில் வெள்ளை எழுத்துகள் தெளிவாக ஓடின.

“உசிர் இரிக்கி சேர். மூடி திறந்திரிக்கிறதுதான் இதுக்கு விளங்கல்ல. மூடி அமத்துறதுக்கு ஒரு சின்ன முளை இரிக்கும். அது இறங்கினா திரை அணையும். அது எங்க எண்டுதான்...”

ஆங்கில ஆசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கீலுக்கு அருகே விரலை வைத்தார். “இதிலதான் நான் பொட்டு வெச்சன்.”

துளைக்குள் பழுப்பு மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. ஈரச் சந்தனத்தின்மேல் மூடி சாத்தப்பட்டு, முளை அமிழ்ந்து, அப்படியே உலர்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. அவர் கொண்டையிலிருந்து ஊசியொன்றை உருவிச் சுரண்டினார். தூள் உதிர்ந்தது. வாசனை எதுவும் இல்லை. முளை மேலே எழும்பியது, திரை வெளுத்தது. இன்றைய திகதி என்னவென்று கணினி எங்களைக் கேட்டது.

ஆங்கில ஆசிரியை ஊசியைக் கொண்டையில் திரும்பச் செருகினார்.

“அப்ப உங்கட பேரக் கெடுத்தது நான்தான் சேர்.”

“மூடியைச் சாத்தியது நானல்லவா, மிஸ்.”

“அது உங்கட பழக்கம். கூட்டத்தில எண்ட வாயையும் அப்பிடித்தானே சாத்தினீங்க” என்றார். மாணவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று பின்னர் அவள் ஊரெல்லாம் சொன்னாள். புன்னகைத்தேன், அவ்வளவுதான்.

சங்கத்தார் காரணத்தைக் கேட்டார்கள். சந்தனம் என்ற ஒரு சொல் போதும், என் பழி நீங்கிவிடும். அது யார் தலையில் போய் இறங்கும் என்பதும் எனக்குத் தெரியும். காரணத்தைச் சொல்லாமல், புதிய குறிப்பை என் கையால் எழுதிக் கொடுத்தேன்: கல்லூரியின் முதலாவது மடிக்கணினி. இயங்குகிறது. ஆங்கில ஆசிரியைக்கு இது பிடிக்கவில்லை. “முழுக்க எழுதுங்க சேர். இந்த வயதில எனக்கென்ன பயம்?” என்று நாள் தவறாமல் தொலைபேசியில் கேட்டதோடு, காண்பவர்களிடமும் தாமே சொல்லத் தொடங்கினார். அவர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

கணினி இப்போது காட்சி அறையில் திறந்தபடி இருக்கிறது. ஊசி எட்டாத விளிம்பில் சிறிது மஞ்சள் இன்னும் ஒட்டியிருக்கிறது. துடைக்க வேண்டாமென்று சொல்லிவைத்திருக்கிறேன். பூசைநீரால் கெட்டது என்றார்கள். இப்போது மிஸ் வைத்த பொட்டால் கெட்டது என்கிறார்கள். இரண்டும் பிழை. அது கெடவே இல்லை.