தண்ணீர் வராத இடம்

தன் கைவேலை தோற்றுப்போக வேண்டும் என்று ஒருவன் மனதார விரும்ப முடியுமா? பொதுவாகக் கேட்டால் முடியாது என்றுதான் எவரும் சொல்வார்கள். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி வைத்திருப்பவர்களிடம் போய்க் கேட்டால், கேட்டவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆனால் நாச்சிமுத்து ஓர் ஆடி மாதக் காலையில் தன் லாரியின் முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு, போடப்போகும் போரில் சொட்டுத் தண்ணீர்கூட வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டான்.

அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. வருடத்தில் பெரும்பகுதி சத்தீஸ்கர் பக்கம் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பான். அங்கே மழைக்காலம் தொடங்கியதும் வண்டி ஊருக்கு வரும். பழுது பார்த்து, பெயின்ட் அடித்துத் திரும்பக் கிளம்பும்வரை அவனுக்கு வேலை கிடையாது. அந்த ஓய்வில் மற்றவர்கள் தூங்கினார்கள். நாச்சிமுத்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு படம் எடுத்தான்.

முதல் படம் மூன்று வருடங்களுக்கு முன்னால் எடுத்தது. தறி ஓட்டுகிற ஒருவன் நோயில் செத்துப்போகிற கதை. செத்தவன் அன்பரசு. சொந்தமாகத் தறிப்பட்டறை வைத்திருக்கிறவன். அதனால் படத்துக்குத் தயாரிப்பாளரும் அவனே. அவன் தங்கை வீட்டுப் புதுமனை விழாவில் சொந்தபந்தம், ஒறம்பரை அத்தனை பேரும் இருக்கும்போது படத்தைப் போட்டார்கள். அன்பரசு நன்றாகத்தான் செத்தான். செத்த பிறகு அவனுடைய சட்டைப்பையில் போன் அடித்தது. பழக்கதோஷத்தில் பிணத்தின் கை பாதி தூரம் போய், ஞாபகம் வந்து, திரும்பி வந்து படுத்துக்கொண்டது. எடிட்டிங்கில் எவனும் அதைக் கவனிக்கவில்லை. ஒறம்பரை அத்தனை பேரும் கவனித்தார்கள். சிரிப்பில் ஒரு பெரியவருக்குப் புரையேறி, தண்ணீர் கொடுத்துத் தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

அன்றைக்கு முடிவு செய்தான் நாச்சிமுத்து. அடுத்த படம் பார்க்கிற ஒருத்தராவது அழ வேண்டும். ஒரே ஒரு ஆள் போதும்.

கதையை வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. போர் மேல் போர் போட்டுத் தண்ணீர் வராத ஒரு விவசாயி கடைசியாக ஒரு போர் போடுகிறார். அதிலும் புகைதான் வருகிறது. காய்ந்த பாறையை இயந்திரம் அரைக்கும்போது குழியிலிருந்து வெள்ளையாக எழும்பும் தூளைத் தொழிலில் புகை என்றுதான் சொல்வார்கள். அந்தப் புகையின் நடுவே விவசாயி உடைந்து அழுகிறார். படம் முடிகிறது. பெயரும் வைத்தாயிற்று: ‘வெறும் புகை’.

செட் போட வசதியில்லை, ரிக் இருந்தது. எனவே நிஜமான விவசாயக் காட்டில், நிஜமான போர், நிஜமாகவே வறண்டுபோக வேண்டும். அதற்குத் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கும் செங்கோடனைக் கூப்பிட்டார்கள். உள்ளங்கையில் படுக்கவைத்த தேங்காய், கீழே தண்ணீர் இருக்கும் இடத்தில் எழுந்து நிற்கும் என்பது அவருடைய வித்தை. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

“தண்ணி இருக்கற எடத்தக் காட்டச் சொல்லித்தான் ஊரே கூப்புடும். இல்லாத எடத்தக் காட்டுன்னு இன்னிக்கி வரைக்கும் ஒருத்தனும் கூப்பிட்டதில்லீங்.”

“ரெண்டும் ஒண்ணுதானுங்களே,” என்றான் அன்பரசு. “தேங்கா எந்திரிச்சா இருக்குது. படுத்துக்கிட்டா இல்ல.”

“படுத்த தேங்காயப் பாக்கறதுக்கு நான் எதுக்கு? உங்கூட்டுச் சமையக்கட்டுலயே படுத்திருக்குமே.”

ஆனாலும் பார்த்தார். ராசப்பனுடைய காட்டில், மேற்கு ஓரத்துப் பாறைமேட்டில் தேங்காய் அசையாமல் கிடந்தது. செங்கோடன் குதிகாலால் ஓங்கி மிதித்தார். “இங்க ஆயரம் அடி எறங்குனாலும் பொகதான். இல்லைன்னா இந்தத் தேங்காயத் தொடறதில்ல.”

ராசப்பன் அறுபதைத் தாண்டியவர். நாச்சிமுத்துவுக்கு மாமன் முறை. நடிக்கத் தெரியாது, ஆனால் காடு அவருடையது, அதில் ஏற்கெனவே நாலு போர் பொய்த்திருந்தன. நாயகனுக்கு அதைவிடத் தகுதி வேண்டியதில்லை என்று நாச்சிமுத்து நினைத்தான். ராசப்பன் சில விளக்கங்கள் கேட்டார்.

“ஏனுங் மாப்ள, தண்ணி வராத எடமாப் பாத்தா போடறீங்க?”

“ஆமாங் மாமா.”

“அதுல எனக்கென்னங்க ஆதாயம்?”

“படத்துல வர்றீங்களே.”

ராசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “தப்பித் தவறி வந்துருச்சுன்னா?”

“வராதுங். வந்தா உங்குளுக்குத்தான்.”

“அப்பச் சரிங்,” என்று உடனே ஒத்துக்கொண்டார். இயக்குநரும் நாயகனும் எதிரெதிர்ப் பக்கம் நிற்கிற படம் இது என்பதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

நாச்சிமுத்துவின் மனைவி ஜெயப்பிரியா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். “ஆடியில போயி யாராச்சும் ஒரு காரியத்தத் தொடங்குவாங்களா?”

“தோக்கறதுக்குத்தான தொடங்கறோம்,” என்றான் அவன். “ஆடிதான் பொருத்தம்.”

அப்படித்தான் அந்தக் காலையில் ஒரே சூடத்தின் முன்னால் இரண்டு பேர் கைகூப்பி நின்றார்கள். ஒருவன் தண்ணீர் வரக் கூடாது என்று கேட்டான். ஒருவர் வர வேண்டும் என்று கேட்டார். கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த பிரபாகருக்கு அது விசித்திரமாகப் படவில்லை. கல்யாண வீடியோ எடுப்பது அவன் தொழில். “பொண்ணூடும் மாப்ளயூடும் ஒரே சாமியக் கும்புட்டுப் போட்டுத்தான் பந்தியில சண்டை போடுவாங்க,” என்றான்.

கம்ப்ரஷர் இரைந்தது. துளைக்கும் ராடு இறங்கியது. குழியிலிருந்து புகை கிளம்பி, சற்று நேரத்தில் லாரி, வேப்பமரம், அன்பரசு எல்லாம் ஒரே வெள்ளையாயின. நாச்சிமுத்துவை இருபது வருடங்களாகப் பயமுறுத்திய அந்தப் புகை இன்றைக்குத்தான் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தது.

“மாமா, இப்ப அழுங்க!”

ராசப்பன் புகையைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார்.

“கொஞ்சம் சிரிச்சாப்ல இருங்க,” என்றான் பிரபாகர், வாய்ப் பழக்கத்தில்.

“டேய்!”

மறுபடி எடுத்தார்கள். இந்த முறை ராசப்பன் தலையில் கை வைத்துக் குழியருகே உட்கார்ந்தார். சரியாகத்தான் இருந்தது. பிறகு தலையைத் தூக்கி, லாரிமேல் நின்ற சத்தீஸ்கர் வேலைக்காரப் பையன்களைப் பார்த்து, “காலையிலிருந்து நிக்கறீங்களே சாமி, டீ குடிக்கறீங்களா?” என்று கேட்டார்.

“மாமா, உங்க பொழப்பே போயிருச்சு. இப்பப் போயி டீயா?”

“பொழப்புப் போச்சுன்னா அவுங்க டீ குடிக்கக் கூடாதுங்களா?”

“அழோணுமுங் மாமா!”

“அழுகை எங்கீங்க வருது? நாலு வாட்டி பொக வந்துச்சு. ஒரு வாட்டியும் அழுகுலியே.”

மதிய பிரியாணிக்கு உரித்து வைத்திருந்த வெங்காயத்தைக் கொண்டுவந்து அன்பரசு அவர் மூக்கருகே பிழிந்தான். ராசப்பன் பொறுமையாக மூச்சை இழுத்தார். “கண்ணுல வல்லீங். மூக்குலதான் வருது,” என்றார். செத்துப்போன உறவினர்களை ஒவ்வொருவராக நினைவுபடுத்திப் பார்த்தார்கள். அவர்கள் எல்லாரும் நல்ல வயதில், நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தவர்கள் என்று அவர் விளக்கம் சொன்னார். ஒரு பங்காளியின் சாவைப் பற்றிப் பேச்சு வந்தபோது கொஞ்சம் சிரிக்கவும் செய்தார்.

நாச்சிமுத்துவுக்கு உள்ளூர ஒரு சங்கடம் இருந்தது. அவன் கையால் வறண்டுபோன போர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். எந்த ஊரிலும், எந்த மொழிக்காரனும், குழிக்கு முன்னால் உட்கார்ந்து அழுது அவன் பார்த்ததில்லை. புகையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். அப்புறம், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்பார்கள். இது தெரிந்திருந்தும் கதையில் அழுகையை எழுதியிருந்தான். அழாத ஆளைப் பார்த்து யார் அழுவார்கள்?

புகை நிற்காமல் இருக்க ராடு இறக்கிக்கொண்டே இருந்தார்கள். ஐந்நூறு அடி தாண்டியது. அப்போது இரைச்சலில் ஒரு சின்ன மாறுதல் வந்தது. நாச்சிமுத்துவைத் தவிர வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. ராடு முனையிலுள்ள சுத்தியல் ஈரத்தில் படுகிற சத்தம் அது. இப்போது நிறுத்தினால் புகையோடு நின்றுவிடும், படம் பிழைத்துக்கொள்ளும். அவன் கையைத் தூக்கினான். நிறுத்தச் சொல்லித் தூக்கினானா, அடுத்த ராடு கேட்டுத் தூக்கினானா என்று பையன்களுக்குப் புரியவில்லை. அவர்கள் வழக்கம்போல அடுத்த ராடை மாட்டினார்கள்.

புகை கறுத்தது. சேறாகத் தெறித்தது. பிறகு ஆளுயரத்துக்கு மேல் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்தது.

பையன்கள் லாரிமேல் ஆடினார்கள். அன்பரசு படத்தை மறந்து, சட்டையோடு போய் நனைந்தான். வேடிக்கை பார்க்க வந்திருந்த செங்கோடன் ஓசைப்படாமல் தேங்காயைப் பைக்குள் வைத்தார். “இல்லாத எடத்தப் பாருன்னா அதுக்கு எப்பிடிப் புரியும்? அது பழகுன வேலையத்தான செய்யும்,” என்றார்.

ராசப்பன் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். துண்டை வாயில் திணித்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. வாய் கோணி, மூச்சு நின்று நின்று வந்து, நாலு போருக்கும் சேர்த்து அழுதார். எல்லாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க, பிரபாகர் மட்டும் கேமராவை அவர் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

“தண்ணிய எடுத்தியாடா?” என்று பிறகு கேட்டார்கள்.

“பொண்ணு போற காரை எவன் எடுப்பான்? பொண்ணோட அப்பனத்தான் எடுக்கோணும்,” என்றான் பிரபாகர்.

பிரபாகரின் ஸ்டுடியோவில் போட்டுப் பார்த்தபோதுதான் கையில் இருப்பது என்னவென்று தெரிந்தது. அந்தக் காட்சியில் தண்ணீரே இல்லை. சத்தத்தை எடுத்துவிட்டுப் புகைக்குப் பின்னால் ஒட்டினால், எல்லாம் போய்விட்ட மனிதனின் முகம். ஜெயப்பிரியாவை உட்காரவைத்துக் காட்டினார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

“அய்யோ பாவம், அந்தப் பெரியவருக்கு ஏதாச்சும் செய்யுங்களே.”

“செஞ்சாச்சு,” என்றான் அன்பரசு. “இது தண்ணி வந்ததுக்கு அழுவறது.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நாச்சிமுத்துவை முறைத்தாள். “தண்ணி வந்ததுக்கா? அப்ப நான் எதுக்கு அழுதேன்? புருசன்னு பார்க்கறேன், இல்லைன்னா நடக்கறதே வேற.”

நாச்சிமுத்து கேட்டிருந்த அந்த ஒரே ஒரு ஆள் கிடைத்துவிட்டது. அவன் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான்.

“அழுகையில நல்லழுகை, கெட்டழுகைன்னு என்னடா இருக்குது?” என்றான் அன்பரசு. “மூஞ்சி ஒண்ணுதான். சேலத்துப் போட்டிக்கு அனுப்பு. இந்த வாட்டி எவன் சிரிக்கறான்னு பாத்தர்லாம்.”

நாச்சிமுத்து ராசப்பனிடமே போய்க் கேட்டான். அவர் புதிதாக இறக்கிய மோட்டாரை ஓடவிட்டு, குச்சிக்கிழங்குப் பயிருக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, நீங்க சந்தோசத்துல அழுதத துக்கத்துல அழுவறாப்ல வெச்சுக்கலாமுங்களா?”

“என்ற மூஞ்சிதான? எதுக்கு வேணா வெச்சுக்குங்க சாமி. தண்ணி வந்துருச்சில்ல!” என்று சொல்லிவிட்டு மடையைத் திருப்பப் போனார். அந்தப் பக்கம் தடை ஒன்றும் இல்லை.

சேலத்தில் ஒரு சின்ன அரங்கில் போட்டிப் படங்களைப் போட்டார்கள். அன்பரசு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். ஜெயப்பிரியா இந்த முறை அழுவதில்லை என்று உறுதியோடு வந்திருந்தாள். திரையில் கம்ப்ரஷர் இரைந்தது. புகை எழும்பி ராசப்பனை மூடியது. அன்பரசு நாற்காலியின் நுனிக்கு வந்தான். அடுத்து அந்த முகம் வர வேண்டும்.

புகை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு திரை இருண்டு, பெயர்கள் ஓடத் தொடங்கின. யாரும் அழவில்லை, யாரும் சிரிக்கவுமில்லை. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், “முடிஞ்சுதா?” என்று கேட்டார். பரிசு கல்லூரிப் பையன்கள் எடுத்த ஒரு பேய்ப் படத்துக்குப் போனது.

திருச்செங்கோடு பஸ்ஸில் ஏறியதும் அன்பரசு நாச்சிமுத்துவின் சட்டையைப் பிடித்துக்கொண்டான். “அந்த மூஞ்சி எங்கடா? உன்ற கையில கெடச்ச ஒரே நல்ல ஷாட்டுடா அது. பிரபாகர் வெட்டுனானா?”

“நாந்தான் எடுத்துட்டேன்.”

“ஏன்டா?”

ஜெயப்பிரியாவும் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தாள். நாச்சிமுத்து கண்டக்டரிடம் மூன்று டிக்கெட் கேட்டு வாங்கினான். “பொக வந்தப்ப மாமன் அழுகுலியேடா,” என்று ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.