மண்வாடையும் பேச்சியம்மாவின் உபசாரமும்

வளர்ப்பு மீனில் மண்வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்துச் சொல்வது என் உத்தியோகம். ஜலதோஷம் வந்தால் லீவுதான். பிறர் சமையலில் குறை கண்டுபிடித்தே பிழைக்கும் சக பாவிகளே, என் பாட்டைக் கேளுங்கள். ஜெயமங்கலத்தில் செல்லையா அண்ணன் முதன்முதலாகக் குளம் வெட்டிக் கட்லா வளர்த்தார். வாடை அடித்தால் ஒரு மீன்கூட வேண்டாம் என்று கம்பத்து வியாபாரி சொல்லிவிட்டார். அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது.

மல்லிகை

சோதனை நாளில் நான் பவுடர்கூடப் பூசுவதில்லை. வாசலில் கால் வைத்ததுமே அண்ணன் மனைவி பேச்சியம்மா என் தலையில் ஒரு முழம் மல்லிகையைச் சூட்டிவிட்டார். அப்புறம் மீனும் மணத்தது, அண்ணனும் மணத்தார், மோட்டார் ரூமும் மணத்தது! இன்றைக்கு வேலை நடக்காது என்றேன். பேச்சியம்மா சொன்னது: "வீட்டுக்கு வந்த பொம்பளப்பிள்ளைய வெறுந்தலையோட அனுப்புனா ஊரு என்ன ஆத்தா சொல்லும்?"

மசாலா

வால் துண்டு ஒன்றைத் தேனி லேபுக்குக் கொண்டுவரச் சொன்னேன். உப்பு, புளி எதுவும் சேர்க்காமல், மூடிய கிண்ணத்தில் சூடாக்கி, மூடியைத் திறந்ததும் மோக்க வேண்டும். சந்தேகம் வந்தால் வாடையை அளக்கும் மெஷினில் போடுவோம். அண்ணன் கொண்டுவந்த டப்பாவைத் திறந்தேன். மஞ்சள், மிளகாய்த்தூள், இஞ்சி, பூண்டு! மெஷினுக்குக்கூட எச்சில் ஊறியிருக்கும். அண்ணன் தலையைச் சொறிந்தார்: "பச்ச மீன எப்படி மேடத்துக்குக் குடுக்கிறதுன்னு அவதான் பெரட்டி வச்சுட்டா."

பட்டினி

அடுத்து வெறும் மீன் வந்தது. மூடியைத் திறந்தால் கோடைமழை வாசம்! மழைக்கு அழகு, மீனுக்குக் கேடு. குளத்துப் பாசியிலும் சேற்றிலும் உண்டாகும் பொருள் மீன் கொழுப்பில் ஏறிக்கொள்கிற வாடை அது. அண்ணன் முகம் சுண்டிப்போனது. எனக்கும் பாவமாக இருந்தது. மீனையெல்லாம் நல்ல தண்ணீர் ஓடும் தொட்டியில் விட்டு, தீனி போடாமல் வைத்தால் வாடை இறங்கும் என்றேன். சில நாள் கழித்துப் போனால் தொட்டியில் சோற்றுப் பருக்கை மிதக்கிறது. பேச்சியம்மா அசரவில்லை: "வாயில்லா சீவனப் பட்டினி போட்டுட்டு எனக்கு எப்படி ஆத்தா சோறு எறங்கும்?"

லாரி

அதற்குப் பிறகு அண்ணன் தொட்டியோரம் கட்டிலைப் போட்டுக் காவல் இருந்தார். திருடனுக்கு அல்ல, பெண்டாட்டிக்கு. கடைசிச் சோதனையன்று வியாபாரி லாரியோடு வந்துவிட்டார். அங்கேயே அடுப்பு வைத்து, மூடியைத் திறந்து மோந்தேன். வாடையே இல்லை! எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. வியாபாரி நம்பாமல் என் மூக்கையே பார்த்தார். பேச்சியம்மா ஒரு துண்டைப் பிடுங்கி வாயில் போட்டு, முகத்தைச் சுளித்தார். "த்தூ! உப்புமில்ல, ஒறப்புமில்ல, ஒரு வாடையுமில்ல. இதப் போயி யாரு வாங்குவா?"

வியாபாரி விழுந்து விழுந்து சிரித்தார்: "நான் வாங்குறேன் ஆத்தா! ஏலே, லாரிய ரிவர்ஸ் எடு!"

மண்வாடையைக் கண்டுபிடிக்க மெஷின் வந்துவிட்டது; எங்கள் ஜில்லா உபசாரத்திலிருந்து மூக்கைக் காப்பாற்றத்தான் இன்னும் ஒன்றும் வரவில்லை.